விண் கட்டிய பட்டம்

எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போனால், ஆற்றைத் தாண்டிப் போகும் உயர் அழுத்த மின்கம்பிகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கோபுரத்தில் கம்பி மாட்டிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கம்பியின் அடியில் முழ நீளத்துக்கு ஒரு டம்பெல் தொங்கும். குட்டையான எஃகு வடம், முனைக்கொரு இரும்புக் குண்டு. கம்பிக்குள் ஓடும் மின்சாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தொங்குவது காற்றுக்காக.

காற்று ஒரு கம்பியைச் சுற்றிக் கடக்கும்போது கம்பியின் பின்பக்கத்தில் சிறு சுழல்கள் உருவாகின்றன. மேலே ஒன்று கழன்று போகும், அடுத்து கீழே ஒன்று, மறுபடி மேலே. ஒவ்வொன்றும் கழலும்போது கம்பியைத் துளி அசைத்துவிட்டுப் போகும். நொடிக்கு எத்தனை அசைவு என்பதை 1878இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல் அளந்து காட்டினார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் போதும். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பியில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கடற்காற்று மோதினால் நொடிக்கு 33 அசைவு. அதே காற்று 1 மில்லிமீட்டர் கயிற்றில் பட்டால் 1000 அசைவு, அதாவது தெளிவான சீழ்க்கை. கடற்கரைச் சவுக்குத் தோப்பு ஓயாமல் 'உஸ்' என்பதும் இதனால்தான். சவுக்கின் ஊசிக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கம்பிகள். ஒரு மரத்தில் அவை எண்ணிலடங்காமல் இருக்கின்றன.

மின்கம்பியில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் வருடக்கணக்கில் தொடர்ந்தால் கம்பி மாட்டிய இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கலிஃபோர்னியாவில் ஒரு மின்நிறுவனத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பொறியாளர் 1920களில் இந்த டம்பெல்லைக் கண்டுபிடித்தார். கம்பி துடிக்கும்போது குண்டுகளும் துடிக்கின்றன. அந்தத் துடிப்பில் எஃகு வடத்தின் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, காற்று கொடுத்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன.

காற்று ஓடும் இடத்தில் நிற்கும் எதற்கும் ஒரு தள்ளாட்டம் உண்டு. அதை என்ன செய்வது என்பதில்தான் மனிதர்கள் வேறுபடுகிறார்கள். மின்கம்பி போட்டவர்கள் அதை அடக்கினார்கள். வடசென்னைப் பையன்கள் அதை விரலால் ஆட்டுவித்தார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறைக்காரர்கள் அதற்குக் குரல் கட்டினார்கள்.

முதலில் பையன்களைப் பார்த்துவிடுவோம். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை மொட்டைமாடிகளில் பறந்த காத்தாடி எளிமையான பொருள். சதுரமாய் வெட்டிய மெல்லிய காகிதம், நடுவில் விறைப்பான ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த மெலிந்த இன்னொரு குச்சி. வால் கிடையாது. அந்தக் குறுக்குக் குச்சி மெலிந்திருப்பதில்தான் சூட்சுமம். நூலை இழுத்தால் காற்றழுத்தம் கூடும். குறுக்குக் குச்சி பின்னால் வளையும். காத்தாடியின் இரு பக்கமும் இறக்கையாய் மடங்கும். அப்படி மடங்கிய வடிவம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து இறக்கை அதிகக் காற்றை வாங்கித் திருப்பி நிமிர்த்திவிடும். ஆகவே மூக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் சீறிப் போகும். நூலை விட்டால் குச்சி நிமிர்ந்து காகிதம் தட்டையாகும். தட்டையான காகிதத்துக்கு நிலை கிடையாது, நின்ற இடத்திலேயே சுழலும். மூக்கு வேண்டிய பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, சட்டென்று இழுக்க வேண்டும். அவ்வளவுதான். விமானப் பொறியியலில் நிலைத்தன்மை என்று பல பக்கங்களில் படிப்பதை பத்து வயதுப் பையனின் ஆள்காட்டி விரல் அறிந்து வைத்திருந்தது.

அந்தத் திறமை முழுக்க டீல் போடுவதில் போய் முடிந்தது என்பதுதான் வருத்தம். அடுத்தவன் நூலை அறுக்கக் கண்ணாடித் தூள் தோய்த்த மாஞ்சா வந்தது. பிறகு அறுபடாத நைலான் நூல் வந்தது. இருசக்கர வாகனத்தில் போகிறவர்களின் கழுத்தையும் தகப்பன் முன்னால் உட்கார்ந்து வந்த குழந்தையின் கழுத்தையும் அது அறுத்தது. சென்னைக் காவல்துறை மாஞ்சாவுக்குத் தடை போட்டது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் நைலான் மாஞ்சாவைத் தடைசெய்தது. தடை முழுக்கச் சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தடை விழுந்தது நூலுக்கு. நூலோடு சேர்ந்து காத்தாடி கட்டத் தெரிந்த கைகளும் ஓய்ந்துபோவதை இழப்பாகத்தான் பார்க்கிறேன்.

வல்வெட்டித்துறையில் பட்டம் வேறு வழியில் வளர்ந்தது. அது பாய்மரக் கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கயிறு, துணி, மரம், காற்று இந்த நான்கையும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட ஊரில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கிறது. ஊர்ச் சனசமூக நிலையம் நடத்துகிறது. போர் ஓய்ந்த பிறகு வடமாகாணமே திரண்டு வரும் விழாவாகிவிட்டது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று மரபான வடிவங்களோடு, கப்பலும் மிருகமும் சக்கரமும் வானில் ஏறுகின்றன. படங்களில் நாம் பார்ப்பது அந்த வடிவங்களைத்தான். கேட்க வேண்டியது வேறு.

யாழ்ப்பாணத்துப் பட்டங்களில் தலைப்பக்கம் ஒரு வில் கட்டியிருக்கும். அதற்குப் பெயர் விண். மூங்கிலையோ கமுகையோ சீவி வளைத்த வில். நாண் இருக்கும் இடத்தில் கயிற்றுக்குப் பதில் பனை நாரில் சீவிய தட்டையான நாடா. பட்டம் மேலே ஏறிக் காற்றில் நின்றதும் அந்த நாடா கூவத் தொடங்கும். 'ங்ங்ங்' என்று அடிவயிற்றிலிருந்து எழும்பும் நீண்ட ஒலி. பட்டத்தைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவு முழுக்க ஊருக்கு மேல் விண் கூவிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் பல பட்டங்கள் ஏறினால், ஒவ்வொன்றும் அதனதன் சுருதியில் கூவ, வானம் முழுக்க ஒரு கூட்டிசை. கட்டியவர் பெயர் இல்லாமல், மேடை இல்லாமல், ஊரே சேர்ந்து செய்யும் திறந்தவெளி இசை இது. இன்று ஒலிக்கலை என்று உலக நகரங்கள் பெருஞ்செலவில் செய்துபார்ப்பதை ஒரு மீனவ ஊர் மூங்கிலிலும் நாரிலும் செய்து வைத்திருக்கிறது.

நாண் ஏன் தட்டையாக இருக்க வேண்டும்? உருண்டைக் கயிறு கட்டினால் மின்கம்பியில் நடப்பதுதான் நடக்கும். சுழல்கள் கழலும், மெல்லிய சீழ்க்கை கேட்கும், பத்தடி தாண்டினால் தேய்ந்துவிடும். தட்டை நாடாவில் நடப்பது வேறு வகை. காற்று வரும் திசைக்கு நாடாவின் விளிம்பைக் காட்டி நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது துளி முறுக்கிக்கொண்டால் போதும், காற்று அதை மேலே தூக்கும். மேலே போகும்போது இழுவிசை அதைப் பின்னுக்கு இழுக்கிறது. முறுக்கும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இப்போது காற்று அதைக் கீழே தள்ளுகிறது. முறுக்கும் அசைவும் சரியான நேர இடைவெளியில் ஒன்றையொன்று தொடர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் காற்று நாடாவுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தை திரும்பி வரும்போதெல்லாம் யாரோ சரியான தருணத்தில் தள்ளிவிடுவதற்கு இது சமம். தள்ளுகிறவரைத் தீர்மானிப்பதும் இங்கே ஊஞ்சல்தான்.

இதே நிகழ்வு 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நீரிணையில் ஒரு பெரும் தொங்குபாலத்தை முறித்துப்போட்டது. திறந்து நான்கு மாதமே ஆன பாலம். மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் காற்றில் அதன் தளம் முறுக்கி முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. சுழல் கழலும் வேகமும் பாலத்தின் இயல்பான அசைவு வேகமும் ஒத்துப்போனதால் விழுந்தது என்று பல பாடநூல்கள் எழுதிவந்தன. அது தவறு என்று 1991இல் பில்லா, ஸ்கேன்லன் என்ற இரு அறிஞர்கள் விரிவாக விளக்கினார்கள். சுழல்கள் அங்கே காரணமல்ல. தளம் தன் முறுக்கினாலேயே காற்றிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டது. விண் நாடாவும் அந்தப் பாலமும் ஒரே இயற்பியலின் இரு பிள்ளைகள். அங்கே பேரழிவாக முடிந்தது, இங்கே ஓர் அரை விரல் அகல நாரில் அளவாகக் கட்டுப்பட்டு இசையாகிறது. ஷான் ஃப்ரெயின் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இந்தத் துடிக்கும் நாடாவில் காந்தம் பொருத்தி, சிறு விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரமும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

விண்ணின் சுருதியைக் காற்று தீர்மானிப்பதில்லை என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கயிற்றின் சீழ்க்கை காற்று கூடக்கூட ஏறும். விண்ணின் சுருதி பெரும்பாலும் கட்டியவர் கையில் இருக்கிறது. நாடாவின் நீளம், எடை, எவ்வளவு இழுத்துக் கட்டியது, இந்த மூன்றும்தான் கணக்கு. 1636இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதிவைத்த விதி இது. ஒரு மீட்டர் நீளம், 2 கிராம் எடையுள்ள நாடாவை 2 கிலோ எடை தொங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வு. இழுவிசை அப்படியே இருக்க, நீளத்தைப் பாதியாக்கினால் 100. நம் ஊர் மின்மாற்றி 'ம்ம்' என்று இரைவதும் நொடிக்கு 100 அதிர்வில்தான், ஏனென்றால் இங்கே மின்சாரம் நொடிக்கு 100 தரம் திசை மாறுகிறது. நீளத்தை மாற்றாமல் அந்தச் சுருதியை எட்ட வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும், வில் ஒடிந்தாலும் ஒடியும். அதனால் பெரிய பட்டத்துக்குப் பெரிய வில், ஆழ்ந்த குரல். சின்னப் பட்டத்துக்குச் சின்ன வில், கீச்சுக் குரல்.

வில்லின் வேலை நாடாவைத் தாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. பனை மட்டையிலிருந்து உரித்துச் சீவிய நார் ஈரம் பட்டால் நீளும், வெயிலில் சுருங்கும். விறைப்பான சட்டத்தில் கட்டினால் சுருதி கண்டபடி அலையும். வளைந்து கொடுக்கும் மூங்கில் வில், நார் நீண்டால் தானும் விரிந்து இழுவிசையைக் காப்பாற்றும். இப்போது பலர் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டுகிறார்கள். ஈரத்துக்கு அசையாது, சத்தமும் உரக்க வரும். கடலில் அறுந்து விழுந்தால் மக்காது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

இனி, இரவு. பகலைவிட இரவில் விண் வெகுதூரம் கேட்கிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் கண்டெய்னர் லாரிகளில் அமுங்கிப்போகும் கப்பலின் சங்கு நள்ளிரவில் படுக்கைக்கே வந்துவிடும். தெரு அடங்கியது பாதிக் காரணம். மீதி, காற்றின் வெப்பநிலை. பகலில் தரை சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி சூடான காற்றில் வேகமாகப் போவதால் அதன் பாதை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேல் போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பாகிறது. இப்போது ஒலியின் பாதை கீழ்நோக்கி வளைகிறது. போதாததற்குக் காற்று உச்சச் சுருதிகளைத்தான் அதிகம் விழுங்கும், தாழ்ந்த சுருதிகளை விட்டுவிடும். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களின் சங்கு நொடிக்கு 70 முதல் 200 அதிர்வுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல் விதியே சொல்கிறது. எந்த விதிப் புத்தகமும் பார்க்காமல் பெரிய விண் கட்டியவர்களும் தாழ்ந்த சுருதிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இருட்டில் அந்தக் குரலுக்கு ஒரு பயனும் உண்டு. கூவல் சீராக இருந்தால் பட்டம் நிலையாக நிற்கிறது. தேய்ந்து தேய்ந்து வந்தால் மேலே காற்று விழுகிறது. விட்டு விட்டுத் திக்கினால் பட்டம் ஒரு பக்கம் சரிகிறது, பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சைக் கயிற்றைச் சரிசெய்ய வேண்டும். கடலுக்குப் போகிற ஊரில் இது சிறிய செய்தியல்ல. தரையில் நிற்பவனுக்குத் தெரியாத மேல்காற்றின் நிலவரத்தைத் தலைக்கு மேல் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

உலகில் இதற்கு உறவினர்கள் இருக்கிறார்கள். மலேசியாவின் கிளந்தானில் வாவ் பூலான் என்ற பிறைநிலாப் பட்டத்தின் தலையிலும் இதே மாதிரி ஒரு வில் முரலும். சீனாவின் நான்டோங் பகுதியில் பட்டத்தின் மேல் சுரைக்குடுவையில் செய்த ஊதல்களை வரிசை வரிசையாகக் கட்டி ஏற்றுகிறார்கள். கடலலையைப் பாடவைத்தவர்களும் உண்டு. குரோவேஷியாவின் சாடர் நகரில் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச், 2005இல் 70 மீட்டர் நீளக் கடற்கரைப் படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்தார். அலை உள்ளே ஏறும்போது குழாயில் உள்ள காற்று நெருக்கப்பட்டு ஊதுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1986இல் அமைத்த அலைக்கருவியும் அந்த வகைதான்.

நம் சென்னையில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதிலிருந்து மணல் தெற்கே மெரினாவில் குவிய, வடக்கே கரை அரிக்கப்பட்டு, ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை கருங்கல் கொட்டிக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறோம். தூண்டில் வளைவுகளின் கல் இடுக்கில் அலை புகுந்து காற்றைத் துப்பும் சத்தத்தை அங்கே உட்கார்ந்து வலை பின்னுகிறவர்கள் தினமும் கேட்கிறார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே நான்கு குழாய் பதித்துப் பார்க்கலாம்தான். ஆனால் அது பொறியாளர்களும் அரசும் செய்ய வேண்டிய வேலை. கல் ஒரு மழைக்காலத்தில் நகர்ந்தால் எல்லாம் போச்சு. பட்டத்துக்கு யாருடைய டெண்டரும் வேண்டாம்.

வடசென்னைக்கு இதில் எது குறை? தை மாதத்தில் வாடை கடலிலிருந்து நேராகக் கரையேறுகிறது, வல்வெட்டித்துறையில் அடிக்கும் அதே காற்று. கோடையில் நண்பகலுக்குமேல் கடற்காற்று. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பனை இருக்கிறது. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள், நாரின் குணம் அறிந்த கைகள் அவை. மூங்கில் சீவவும் நூலோடு பிணைக்கும் சூத்திரம் கட்டவும் தெரிந்த பழைய காத்தாடிக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். சண்டைக் காத்தாடி விண்ணைத் தாங்காது. சில கிராம் எடையுள்ள காகிதத்தில் வில்லை ஏற்றினால் தலைகுப்புற விழும். ஆளுயரப் பட்டம் வேண்டும், நீண்ட வால் வேண்டும், தானாக நிற்கும் நிலைத்தன்மை வேண்டும். சென்னைக் காத்தாடியின் வெற்றி அது தள்ளாடுவதில் இருந்தது. விண் பட்டத்தில் பட்டம் அசையக்கூடாது, நாடா மட்டும் தள்ளாட வேண்டும். அறுக்க அங்கே எதிராளியும் இல்லை; பக்கத்துப் பட்டம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் இரண்டு சுருதி சேர்ந்து கேட்கும். மாஞ்சாவுக்கு இதில் வேலையே கிடையாது.

இடம்தான் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டம்பெல் தொங்கும் அந்த மின்பாதைகளுக்கு அருகில் எந்தப் பட்டமும் ஏறக்கூடாது. உப்புக்காற்றில் நனைந்த நூல் மின்சாரம் கடத்தும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கத்து மணலில் மின்பாதை இல்லாத திறப்பு பார்த்து, கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து, பட்டம் கரைப்பக்கம் ஏறும் என்பதையும் கணக்கில் கொண்டு, குடியிருப்பும் சாலையும் நூல் நீளத்துக்கு அப்பால் இருக்கும்படி நிற்க வேண்டும். பருத்தி நூல் போதும், கொஞ்சம் தடிமனாக.

வில்லை வாசலிலேயே சோதித்துவிடலாம். பனை நாரை ஒரு மணிநேரம் ஊறவைத்து, பிசிறில்லாமல் ஒரே அகலமாகச் சீவி, ஈரத்தோடு வில்லில் இழுத்துக் கட்டி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் கடற்காற்றுக்கு நாரின் விளிம்பைக் காட்டி, கையை உயர்த்திப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் நார் பிடித்துக்கொண்டு உறுமும். உறுமாவிட்டால் ஒரு முனையை அவிழ்த்து, கால் சுற்று முறுக்கி மறுபடி கட்டிப் பாருங்கள்.